புதுப்பிப்பு: நின்றுபோன பிசியோதெரபி மறுபடி தொடங்கிவிட்டது

குளச்சல் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கும் என் மகளுக்கு வட்டார வள மையத்தில் (மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் பயிற்சி தரும் கல்வித்துறை மையம்) பிசியோதெரபி நின்றுபோனது, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லாருக்கும் நன்றி.

இந்த மையங்கள் நடப்பது சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில்தான். தமிழ்நாட்டுக்கு 2024-25க்கான அந்த நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்ததால், போன இடமெல்லாம் "பணம் வரல" என்ற ஒரே பதில்தான். தனி மனு நகரவே இல்லை. பலித்தது பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போடச் சொன்ன யோசனை. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தானே, அதனால் தலைமையாசிரியர் தயங்கியும் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தோடு திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தோம்.

எதிர்பாராதது, இதே சிக்கலில் வெளியே சொல்லாமல் இருந்த மற்ற அம்மாக்களும் சேர்ந்து வந்தது. இப்போது வாரம் ஒருநாள் பயிற்சி நடக்கிறது, பிள்ளை கம்பியைப் பிடித்து நிற்கிறாள். மனு ரசீதைப் பத்திரமாக வையுங்கள், அப்புறம் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.