ஆர்க்கிடுக்கு பீங்கான் தொட்டியா, மண் தொட்டியா?

மூணாவது_மாடி:
எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் நன்றாக வரும். நர்சரியிலிருந்து வெள்ளை ஃபலனாப்சிஸ் ஒன்றும் ஊதா டென்ட்ரோபியம் இரண்டும் என மூன்று ஆர்க்கிட் வாங்கியிருக்கிறேன். மூன்றும் வந்தபடியே மெல்லிசு பிளாஸ்டிக் தொட்டியில்தான் நிற்கின்றன, பார்க்கச் சகிக்கவில்லை. நீலப் பூப்போட்ட பெரிய பீங்கான் தொட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன், அடியில் ஓட்டை இல்லை. "கொஞ்சமா தண்ணி விட்டா போதும்மா" என்கிறார் கடைக்காரர். மூன்றையும் அதிலேயே சேர்த்து நட்டுவிடலாமா?

கரியும்_மட்டையும்:
வேண்டாங்க. கடைக்காரருக்குத் தொட்டி விற்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டு வகையும் காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வளர்பவை. மழை பெய்தால் வேர் நனையும், கொஞ்ச நேரத்தில் காற்றில் உலர்ந்துவிடும். வேரின் மேல் வெள்ளையாக பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும், தண்ணீரை உறிஞ்சுவது அதுதான். ஓட்டை இல்லாத தொட்டியில் அடியில் தேங்கும் தண்ணீர் வெளியே தெரியாது, இலை தொங்கும்போதுதான் தெரியும், அதற்குள் வேர் பாதி அழுகியிருக்கும்.

அதற்காக பீங்கானை விட்டுவிட வேண்டியதில்லை. அதில் நடாதீர்கள், பிளாஸ்டிக் தொட்டியோடு செடியைத் தூக்கி உள்ளே வையுங்கள். சுற்றிலும் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வேண்டும், அடியில் நாலு கூழாங்கல் போட்டால் உள்தொட்டி தரையைத் தொடாது. தண்ணீர் விட வேண்டிய நாளில் வெளியே எடுத்து, குழாயடியில் நன்றாக நனைத்து, சொட்டுவது நின்ற பிறகு திரும்ப வைத்தால் போதும். ஃபலனாப்சிஸுக்கு உள்தொட்டி கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக்காக இருந்தால் ரொம்ப நல்லது. வேர் சாம்பல் வெள்ளையாக இருந்தால் தண்ணீர் கேட்கிறது, பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

மூன்றையும் ஒன்றாகப் போடுவதும் சரிவராது. டென்ட்ரோபியத்துக்கு வெளிச்சம் நிறைய வேண்டும், ஃபலனாப்சிஸ் அதே வெயிலில் கருகும். இன்னொன்று, ஆர்க்கிடுக்குப் பெரிய தொட்டி ஆகவே ஆகாது. வேர் அடங்குகிற அளவுக்குமேல் போனால் நடுவில் காயவே காயாது.

மானாமதுரை_மண்:
பீங்கானைப் பற்றியே பேசுகிறீர்களே, டென்ட்ரோபியத்துக்கு சுட்ட மண் தொட்டியை மிஞ்ச எதுவும் இல்லை. பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட தொட்டி கிடைக்கிறது, இல்லாவிட்டால் குயவரிடம் சொல்லிச் செய்து வாங்கலாம், பச்சை மண்ணாக இருக்கும்போது ஓட்டை போடுவது அவருக்குப் பெரிய வேலையே இல்லை. புதுத் தொட்டியை ஒருநாள் தண்ணீரில் ஊறப்போடுங்கள். அப்புறம் அடுப்புக்கரி, செங்கல் துண்டு, ஊறவைத்துக் கழுவிய தேங்காய் மட்டை. அவ்வளவுதான், மண் ஒரு பிடிகூட வேண்டாம். தொட்டிக்கு வெளியே பெயின்ட் மட்டும் அடிக்காதீர்கள், அடித்தால் தொட்டிச் சுவர் வழியாக ஈரம் வெளியேறாது, மண் தொட்டி வாங்கியதற்கே அர்த்தமில்லை.

கரியும்_மட்டையும்:
அண்ணே, டென்ட்ரோபியத்துக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் மே மாத வெயிலில் மூன்றாவது மாடியில் மண் தொட்டி மதியத்துக்குள் காய்ந்துவிடும், காலை மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட ஆள் இருக்க வேண்டும். போர் தண்ணீர் என்றால் வெளிப்பக்கம் வெள்ளையாக உப்பு வேறு பூக்கும். மழைத் தண்ணீர் பிடித்து அவ்வப்போது அலசி விட்டால் நல்லது.

ஏற்காடு_பனி:
வெளித்தொட்டியில் தண்ணீர் தேங்கினால் அழுகல் மட்டுமில்லை, டெங்கு கொசுவும் வரும். நல்ல தண்ணீரில்தான் அது முட்டையிடும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கவிழ்த்துவிடுங்கள்.

அடுத்து வாண்டா என்ற ஆர்க்கிட் வகையை வாங்கும் ஆசை வந்தால் தொட்டியே வேண்டாம். மரச்சட்டக் கூடையில் வைத்துத் தொங்கவிட்டால் வேர் ஆளுயரத்துக்கு இறங்கும், அதுதான் அதற்கு அலங்காரமே. எங்கள் ஏற்காடு பக்கம் வந்தால் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டத்தை எட்டிப் பாருங்கள்.

மூணாவது_மாடி:
எல்லோருக்கும் நன்றி. ஃபலனாப்சிஸுக்கு பீங்கான், டென்ட்ரோபியத்துக்கு மண் தொட்டி என்று முடிவு செய்துவிட்டேன். பெரியதை விட்டுவிட்டு அதே நீலத்தில் சின்னது வாங்கப் போகிறேன். அதில் ஓட்டை போட முடியுமா? பூ இருக்கும்போதே மாற்றலாமா?

கரியும்_மட்டையும்:
உள்தொட்டியோடு அப்படியே தூக்கி வைப்பதானால் இன்றைக்கே வைக்கலாம். பிரித்து நடுவதென்றால் பூ உதிர்ந்து புது வேர் முளைவிடும்வரை பொறுங்கள். அப்போது வேர்களுக்கு நடுவில் விரலை விட்டுப் பாருங்கள், நர்சரியில் பாசியை உருண்டையாகத் திணித்திருப்பார்கள், அது ஈரத்தை விடவே விடாது, பிய்த்து எடுத்துவிடுங்கள்.

ஓட்டை போடலாம், கண்ணாடி, டைல்ஸுக்குப் போடுகிற பிட் வேண்டும். தொட்டியைக் கவிழ்த்து, அந்த இடத்தில் டேப் ஒட்டி, இன்னொருவரைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடச் சொல்லி மெதுவாகத் துளையுங்கள், தண்ணீர் டிரில்லுக்குள் போகக் கூடாது. சுவரில் ஆணியடிக்கப் போடுவோமே அந்த ஹேமர் மோட், அதை ஆஃப் செய்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.