ஈரானில் ஷாவை வீழ்த்தியது மசூதியா, கடைத்தெருவா?

முதுகுளத்தூர் வாத்தியார்:
சென்ற வாரம் இங்கே ஒருவர், 1979-ல் ஈரான் மக்கள் பசி தாங்காமல் மன்னர் ஷாவை விரட்டினார்கள் என்று எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை நான்கு மடங்கு ஏறி, கஜானா நிரம்பி வழிந்த நாடு அது. பசி எங்கிருந்து வந்தது? 1963-ல் ஷா நிலச் சீர்திருத்தமும் பெண்களுக்கு வாக்குரிமையும் கொண்டுவந்தார். அதை எதிர்த்துக் கிளம்பியவர் மதகுரு கோமெய்னி. அடுத்த வருடம் நாடு கடத்தப்பட்டார், 14 வருடம் கழித்து அதே கொள்கையோடு திரும்பி வந்தார். இது மதப் புரட்சி, வேறொன்றும் இல்லை.

கீழக்கரை வியாபாரி:
வாத்தியார் சார், பாதியை விழுங்கிவிட்டீர்கள். 1964-ல் அவரை நாடு கடத்தியது வாக்குரிமை விவகாரத்துக்காக இல்லை. ஈரானில் இருக்கும் அமெரிக்க ராணுவத்தினர் குற்றம் செய்தாலும் உள்ளூர் கோர்ட்டு விசாரிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. அதைக் கடுமையாகப் பேசினார், அதற்குத்தான். அந்தப் பேச்சு தொழாதவனுக்கும் தைத்தது. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய பிரதமர் மொசாதேக்கை 1953-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் உளவுத்துறைகள் கவிழ்த்து, ஷாவைத் திரும்ப உட்காரவைத்ததை யாரும் மறக்கவில்லை.

பசி இல்லை, சரி. பணம் வந்ததுதான் வினை. எண்ணெய்க் காசை அள்ளி இறைத்ததில் வாடகையும் விலைவாசியும் எகிறின. ஷா என்ன செய்தார்? பழியை வியாபாரி தலையில் போட்டார். 1975-ல் மாணவர்களைத் திரட்டிக் கடை கடையாக விலை சோதிக்க அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கான கடைக்காரர்களுக்கு அபராதம், சிறை. கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத்தான் அந்த அவமானம் புரியும். மசூதிக்கும் மதரஸாவுக்கும் காலங்காலமாகக் காசு கொடுத்தது அதே கடைத்தெரு. பின்னால் வேலைநிறுத்தம் செய்தவர்களின் குடும்பத்துக்குப் படியளந்ததும் அதுதான். 1977-ல் புதுப் பிரதமர் செலவைக் குறைத்தார், கட்டட வேலை படுத்துவிட்டது. கிராமத்திலிருந்து வந்த கூலிக்காரன் வேலையில்லாமல் தெருவில் நின்றான். இதெல்லாம் மதமா?

முதுகுளத்தூர் வாத்தியார்:
கோபம் எல்லா நாட்டிலும் இருக்கும். அதை ஒரு கூட்டமாகத் திரட்டியது எது? 1978 ஜனவரியில் கோமெய்னியை இழிவுபடுத்திப் பத்திரிகையில் கட்டுரை வந்தது. கும் நகரில் எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். இறந்தவர்களின் நாற்பதாம் நாள் துக்கத்தில் தப்ரீஸ் நகரம் கொந்தளித்தது. அங்கே செத்தவர்களுக்கு மறுபடி நாற்பதாம் நாள். டிசம்பரில் முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா துக்க ஊர்வலத்துக்கு லட்சக்கணக்கானோர். கேசட்டில் கோமெய்னியின் பேச்சு ஊர் ஊராகப் போனது. கடைத்தெருவுக்கு இப்படி ஒரு நாள்காட்டி உண்டா?

மண்டபம் லாஞ்சுக்காரன்:
அண்ணே, நான் ஈரானின் கிஷ் தீவுப் பக்கம் மீன்பிடி லாஞ்சில் இருந்தவன். படிப்பு கம்மி, ஆனால் இது தெரியும்: ஊர்வலத்தைச் சுட்டுக் கலைக்கலாம். செப்டம்பர் 8-ல் தெஹ்ரான் ஜாலே சதுக்கத்தில் சுடத்தான் செய்தார்கள். அக்டோபரில் எண்ணெய்த் தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்களே, அப்போது யாரைச் சுடுவது? துப்பாக்கி முனையில் நிறுத்தினாலும் வால்வைத் திறக்கத் தெரிந்தவன் மனம் வைத்தால்தானே எண்ணெய் வரும்? நாளுக்கு 50 லட்சம் பேரலுக்கு மேல் எடுத்த நாடு, வருடக் கடைசியில் ஏற்றுமதிக்கே வழியில்லாமல் நின்றது. அதன் பிறகு ஷா ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. 1979 ஜனவரி 16-ல் விமானம் ஏறிவிட்டார்.

முதுகுளத்தூர் வாத்தியார்:
தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மக்கள் எழுந்தாலே ராஜாவுக்கு எதிராகத்தான் என்று நினைக்காதீர்கள். நம் ராமநாதபுரம் சீமையில் 1795-ல் முத்துராமலிங்க சேதுபதியைக் கம்பெனிக்காரன் இறக்கினான். 1799-ல் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் எழுந்தவர்கள் எதிர்த்தது கம்பெனியை, சேதுபதியை இல்லை.

கீழக்கரை வியாபாரி:
என் பக்கத்துக்கே சாட்சி சொல்கிறீர்கள் சார். இங்கே வெளியிலிருந்து வந்தவன் ராஜாவை இறக்கினான், அங்கே ஏற்றினான். மக்கள் கோபம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

தேவிபட்டினம் லாத்தா:
காக்காமார் எல்லாரும் புரட்சியை யார் செய்தது என்றே அடித்துக்கொள்கிறீர்கள். யார் கையில் போனது? படித்த பெண்கள் பலர் ஷாவுக்கு எதிர்ப்புக் காட்டவே தலையிலிருந்து கால்வரை மூடும் கறுப்புச் சாதர் போட்டு ஊர்வலம் போனார்கள். பிப்ரவரி 11-ல் ராணுவம் நடுநிலை என்று ஒதுங்கியது. ஒரு மாதம் ஆகவில்லை, வேலைக்குப் போகும் பெண்கள் தலையை மூட வேண்டும் என்று கோமெய்னி சொன்னார். மார்ச் 8-ல் ஆயிரக்கணக்கான பெண்கள் அதே தெஹ்ரான் தெருவில் எதிர்த்து நடந்தார்கள். அந்த மாதக் கடைசியில் வாக்கெடுப்பு: இஸ்லாமியக் குடியரசு வேண்டுமா, ஆம் அல்லது இல்லை. வேறு எந்த ஆட்சியையும் கேட்கவில்லை. 98 சதவீதத்துக்கு மேல் ஆம். அதனால் மதப் புரட்சி என்கிறார் வாத்தியார். எண்ணெய்க் கிணற்றை நிறுத்தியவனுக்கும் ஊர்வலம் போனவளுக்கும் வேறு எதற்காவது வாக்குப் போட வழி இருந்ததா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

முதுகுளத்தூர் வாத்தியார்:
வழி இல்லைதான். ஆனால் இன்னொரு வழியைச் சொல்ல மற்றவர்களிடம் ஊர் ஊராக ஆள் இருந்ததா? மசூதிக்கு இருந்தது. நான் சொன்னதில் நிற்கிறேன்.

கீழக்கரை வியாபாரி:
ஷாவின் ரகசியப் போலீஸ் மற்ற எல்லா இடத்தையும் மூடிவைத்திருந்தது. மிச்சம் இருந்தது மசூதி வாசல்தான். அதையும் கணக்கில் சேருங்கள் சார்.