படவிழாவுக்குத் தனியாகப் போகிறேன், பிடித்த இயக்குநரிடம் இரண்டு நிமிஷம் பேச முடியுமா?

பின்வரிசை:
ரொம்ப நாள் ஆசை. ஜனவரி கடைசியில் நெதர்லாந்தில் நடக்கிற ராட்டர்டாம் படவிழாவுக்குப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். சினிமாத் துறையில் இல்லை, படம் பார்க்கிறவன், அவ்வளவுதான். யாருடைய படங்களைப் பார்த்துச் சினிமா இப்படியும் இருக்கலாம் என்று தெரிந்துகொண்டேனோ, அவர்களில் ஒருவராவது அங்கே வருவார் என்று நம்புகிறேன். துறைக்கு வெளியே இருக்கிற ஒருவனுக்கு நேரில் பேச வாய்ப்பு உண்டா? எந்தக் காட்சிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும்? அப்படியே எதிரே போய் நின்றாலும் எனக்கு வாயடைத்துப் போய்விடும், என்னதான் பேசுவது?

மூன்றாம் ரீல்:
நல்ல விழாவைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கான் படவிழா பெரும்பாலும் பாஸ் வைத்திருக்கிற துறைக்காரர்களுக்கானது. ராட்டர்டாமும் பெர்லினும் அப்படி இல்லை, யார் வேண்டுமானாலும் டிக்கெட் வாங்கி உள்ளே போகலாம். 1972இல் ராட்டர்டாம் விழா தொடங்கிய முதல் இரவில் 17 பேர்தான் பார்வையாளர்கள். இப்போது கூட்டம் அள்ளும், ஆனாலும் பார்க்கிறவர்களுக்கான விழாவாகத்தான் இன்னும் இருக்கிறது.

முதல் திரையிடலை நம்பிப் போகாதீர்கள். அன்றைக்கு இயக்குநரைச் சுற்றித் தயாரிப்பாளர், விநியோகஸ்தர், பத்திரிகைக்காரர் என்று ஒரு கூட்டமே நிற்கும், அடுத்து ஒரு விருந்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது காட்சிக்கு, அதுவும் முடிந்தால் பகல் காட்சிக்கு டிக்கெட் எடுங்கள். அட்டவணையில் கேள்வி-பதில் உண்டு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முழு அட்டவணை விழாவுக்குச் சில வாரம் முன்புதான் வரும், விசாவுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். நெதர்லாந்துக்கும் வேறு பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

வெள்ளைத்திரை:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் பெரிய பெயர்களை மட்டும் துரத்தினால் விழாவில் பாதியைத் தவறவிடுவீர்கள். ராட்டர்டாமில் டைகர் போட்டி என்று ஒன்று இருக்கிறது, வளர்ந்து வரும் இயக்குநர்களுக்கானது. கிறிஸ்டோபர் நோலனின் முதல் படம் 'ஃபாலோயிங்' 1999இல் அங்கேதான் விருது வாங்கியது. 2021இல் நம் வினோத்ராஜின் 'கூழாங்கல்' வாங்கியது, அதுவும் முதல் படம்தான். அவருடைய அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லினுக்குப் போனது. அந்தப் போட்டியில் இருக்கிற ஒருவர் இன்னும் பத்து வருஷத்தில் யாராக இருப்பார் என்று யாருக்குத் தெரியும்? இப்போது அவரிடம் அரை மணி நேரம் நின்று பேசலாம், அவரும் ஆசையாகப் பேசுவார்.

என்ன பேசுவது என்று கேட்டீர்கள். "உங்கள் ரசிகன்" என்று ஆரம்பித்தால் அவர் நன்றி சொல்வார், அதோடு பேச்சு முடிந்தது. ஒரே ஒரு காட்சியைப் பற்றிக் கேளுங்கள். ஒரு விழாவில் படம் முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தோம், இயக்குநர் படிக்கட்டுப் பக்கம் கோட்டை ஒரு கையில் மாட்டியும் மாட்டாமலும் நின்றுகொண்டிருந்தார், கிளம்புகிற அவசரம் முகத்திலேயே தெரிந்தது. அம்மா வீட்டை விட்டுப் போகிற காட்சியில் கதவு சாத்துகிற சத்தமே வரவில்லையே, வேண்டுமென்றே எடுத்துவிட்டீர்களா என்று கேட்டேன். கோட்டை மறுபடி கழற்றிவிட்டார். கொஞ்சம் தள்ளி நின்ற பெண்ணைக் கைகாட்டிக் கூப்பிட்டு, இவரிடம் கேளுங்கள், இவர்தான் ஒலி வடிவமைப்பு, இதற்காக நாங்கள் ஒரு வாரம் சண்டை போட்டோம் என்றார். அப்புறம் பேசியது முழுக்க அந்தப் பெண்தான். படத்தொகுப்பாளர், ஒளிப்பதிவாளர், ஒலிக்காரர் எல்லோரும் விழாவுக்கு வருவார்கள், அவர்களிடம் யாரும் போய்ப் பேசுவதே இல்லை.

பின்வரிசை:
ஒலி பற்றிச் சொன்னது அருமை, இப்படி யோசிக்கவே இல்லை. செல்ஃபி கேட்கலாமா? ஒரு குறும்படக் கதை எழுதி வைத்திருக்கிறேன், அதைக் கொடுத்தால் தப்பா?

மூன்றாம் ரீல்:
செல்ஃபி பேசி முடித்த பிறகு கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கதையைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அடுத்தவர் கதையை வாங்கிப் படித்துவிட்டு நாளைக்கு அதே மாதிரி ஒரு படம் எடுத்தால் வழக்கு வரும் என்று பலர் கையால் கூடத் தொட மாட்டார்கள், நல்லபடியாகப் போன பேச்சும் அங்கேயே நின்றுவிடும். குறும்படம் எடுக்கிற எண்ணம் இருந்தால் குறும்படத் தொகுப்புக் காட்சி ஒன்றுக்குப் போங்கள். ஒரே காட்சியில் ஐந்தாறு படம் போடுவார்கள், எடுத்தவர்களில் பாதிப் பேர் அரங்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். காசு எப்படித் திரட்டினார்கள், எத்தனை நாளில் எடுத்தார்கள் என்று மறைக்காமல் சொல்வார்கள்.

வெள்ளைத்திரை:
ஒரு நாளைக்கு மூன்று படத்துக்கு மேல் டிக்கெட் எடுக்காதீர்கள். அடுத்த காட்சிக்கு ஓட வேண்டியிருந்தால் கேள்வி-பதில் பாதியிலேயே எழுந்து போவீர்கள், நீங்கள் பார்க்க வந்தவர் அதற்குப் பிறகுதான் வெளியே வருவார்.