94 பசுமைக் கட்டடத் திட்டங்கள்: சட்டம் போட்டு இணைக்க வேண்டுமா?

வரிகட்டி: அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 2011 நவம்பரில் ஓர் அறிக்கை தந்தது. கூட்டாட்சி அரசுக்குச் சொந்தமில்லாத கட்டடங்களைப் பசுமையாக்க, அதாவது ஆற்றலும் நீரும் குறைவாகச் செலவாகும்படி செய்ய, 11 அரசு அமைப்புகள் அப்போது 94 திட்டங்களை நடத்தின. அவற்றில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு, பசுமைக் கட்டடத்துக்கென்று தனி இலக்கும் இருக்கவில்லை, அளவுகோலும் இருக்கவில்லை. செலவு நடந்தது, பலன் தெரியவில்லை. ஒரே சட்டத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் என்ன?

சாரம்கட்டி: 94 என்றதும் மலைக்காதீர்கள். வேறு வேலைக்காகத் தொடங்கிப் பசுமைக் கட்டடத்தையும் சேர்த்துக்கொண்ட திட்டங்களும் அந்தக் கணக்கில் உண்டு. அப்புறம், ஒன்றுபோல் தெரிவதெல்லாம் ஒன்றல்ல. சுற்றுச்சூழல் முகமை, எரிசக்தியை மிச்சப்படுத்தும் புதிய வீடுகளுக்கு எனர்ஜி ஸ்டார் சான்று தருகிறது. எரிசக்தித் துறையிடம் ‘ஜீரோ எனர்ஜி ரெடி’ என்ற பெயரில் அறிமுகமான, அதைவிடக் கடுமையான சான்று இருக்கிறது. இரண்டாவதை வாங்க முதலாவது கையில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டுச் சட்டமும் இதை ஒட்டித்தான் தனி வீட்டுக்கான வரிச்சலுகையை வகுத்தது: முதல் சான்றுக்கு 2,500 டாலர், அடுத்ததற்கு 5,000. ஏணியைப் பார்த்து ‘ஏன் இத்தனை படி, ஒன்று போதாதா’ என்று கேட்கிறீர்கள்.

வரிகட்டி: ஏணி சரி. கீழ்ப்படி ஓர் அமைப்பிடம், மேல்படி இன்னொன்றிடம் எதற்கு? இருவர் விதிகளையும் படித்து, அவை மாறும்போதெல்லாம் திரும்பப் படிப்பது கட்டுநர்தானே?

இளவேனில்: ஒருங்கிணைக்கச் சட்டமே இல்லாததுபோல் பேசுகிறீர்கள். 2007ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டம் அரசுக் கட்டடங்களுக்கு ஓர் அலுவலகம், வணிகக் கட்டடங்களுக்கு ஓர் அலுவலகம் என்று அமைத்தது. நான்கு ஆண்டு கழித்துத்தான் ஜிஏஓ 94ஐ எண்ணியது! இன்னொரு சட்டம் வந்தால் 95ஆவது திட்டம் தயார்.

சாரம்கட்டி: 😄 இன்னொன்று. 1976இலிருந்து நடக்கும் வெதரைசேஷன் திட்டம், வருமானம் குறைந்த குடும்பங்களின் பழைய வீடுகளில் வெப்பக்காப்புப் போட்டுத் தருகிறது. புது வீடு கட்டுபவரின் ஊக்கத்தொகையோடு அதைச் சேர்த்தால் யார் குரல் மேலே கேட்கும் என்று சொல்லத் தேவையில்லை. ‘இணைப்பு’ என்ற பெயரில் நிதியை வெட்டுவதும் சுலபம்.

வரிகட்டி: வெட்டுவார்கள் என்ற பயத்துக்காகக் கணக்கே கேட்கக்கூடாதா?

இளவேனில்: கேளுங்கள். ஜிஏஓ பரிந்துரைத்ததும் அதைத்தான். வீட்டுவசதித் துறை, எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் முகமை மூன்றும் முன்னின்று மற்றவர்களோடு பேசி, பொது இலக்கும் பொது அளவுகோலும் கண்டறியச் சொன்னது. அறிக்கையைக் காட்டி நீங்கள் கேட்கும் இணைப்பு அந்தப் பரிந்துரையில் இல்லை.

வரிகட்டி: சரி, அந்த இடத்தில் நான் கூடுதலாகத்தான் கேட்டுவிட்டேன். ஆனால் பரிந்துரை கட்டளை ஆகாது. மசோதாவை அவ்வளவோடு சுருக்குவோம்: 94க்கும் ஒரே அளவுகோல், ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றத்துக்குக் கணக்கு. இணைப்பு என்ற சொல்லே வேண்டாம். இதற்காவது சம்மதமா?

சாரம்கட்டி: வெதரைசேஷனையும் எனர்ஜி ஸ்டாரையும் ஒரே கோலால் எப்படி அளப்பீர்கள்? மிச்சமான மின்சாரத்தையா, குளிரிலிருந்து தப்பிய குடும்பங்களையா? அதை முதலில் எழுதுங்கள், சம்மதம் அப்புறம்.