தேர் கட்டினவர்கள், மறக்க முடியாததைச் சொல்லுங்கள்

வடசென்னைக்காரன்:
திருவொற்றியூர் பக்கம் எங்கள் தெரு அம்மன் கோயில், ஆடித் தேர். இரவு பதினொரு மணி. சாரம் கட்டியாயிற்று, தேர்ச்சீலை போர்த்துவதுதான் பாக்கி. காஞ்சிபுரத்திலிருந்து வந்திருந்த பெரியவர் மேலே ஏறி, நான் கட்டின மூலை மூங்கிலை ஓர் ஆட்டு ஆட்டினார். இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார், எல்லார் முன்னாலும் முடிச்சை அறுத்துப் போட்டார். “நைலான் வழுக்கும் தம்பி” என்று, வாளியில் ஊறிக் கிடந்த தேங்காய் நார்க்கயிற்றை நீட்டினார். எனக்குச் சுருக்கென்றது. விடியும்வரை அவரோடு பேசாமலேயே கட்டினேன்.

மறுநாள் முனை திரும்பும்போது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, கலசம் ஓரடி சாய்ந்து நிமிர்ந்தது. அந்த மூலை அசையவில்லை. திரும்பிப் பார்த்தேன், பெரியவர் ஊருக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அடுத்த ஆடிக்கு முன்பே காலமாகிவிட்டார்.

மாடவீதி:
அண்ணா, நைலான் மேல் பழி போடாதீர்கள். முடிச்சு தெரிந்தவன் கட்டினால் அதுவும் நிற்கும், நான் கட்டியிருக்கிறேன். சாரத்தைவிட, சக்கரத்தை நிறுத்தவும் திருப்பவும் அடியில் போடுகிற முட்டுக்கட்டைதான் முக்கியம். மயிலாப்பூர் பங்குனிப் பெருவிழா, ஏழாம் நாள் தேர். வடம் பிடிக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியாது. முட்டுக்கட்டையைச் சொருகிவிட்டு ஒருவர் கையை இழுத்துக்கொண்டார். விரலுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண்கூட இல்லை. அவர் அடுத்த கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அல்லிக்கேணி:
இரண்டு பேரும் உயரத்தை விட்டுவிட்டீர்கள். தொம்பை, அதுதான் தேரைச் சுற்றித் தொங்குகிற துணிக் குழல், அதைக் கட்ட ஒருமுறை மேலே ஏறினேன், மின்கம்பி தலைக்கு மேல் இரண்டு முழம். அன்றிரவு தூங்கவில்லை. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் கம்பியில் பட்டு 11 பேர் போனார்களே! தேர் கட்டுமுன் ஒரு நீளக் கழியோடு எல்லாத் தெருவும் நடந்துவிடுங்கள். தார் போட்டுத் தெரு உயர்ந்திருந்தால் போன வருஷ அளவு உதவாது. மின்வாரியத்தில் முன்னாலேயே எழுதிக் கொடுங்கள், தேர் நிலைக்கு வரும்வரை கரண்ட் கூடாது. சீரியல் பல்பு, ஜெனரேட்டர் ஒயர் எதுவும் நனையக் கூடாது. தெருவில் தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிடுங்கள்.

வடசென்னைக்காரன்:
மாடவீதி, முடிச்சு என் தப்பாகவே இருக்கட்டும். எனக்கு உறுத்துவது கயிறு இல்லை, அன்று பேசாமல் இருந்ததுதான்.

அல்லிக்கேணி ஐயா, கோயில் எதிரே போன மாதம்தான் தார் போட்டார்கள். சாயங்காலம் கழியோடு போகிறேன்.