ஐம்பது தாண்டிய மலையோட்டம்: கூட ஓட ஆள் சேர்ப்பது எப்படி?

முந்தல்காரன்:
ஊர் போடிநாயக்கனூர். பள்ளிக்கூட நாளிலிருந்தே முந்தல் செக்போஸ்ட் தாண்டி போடிமெட்டு ரோட்டில் ஏறி ஓடுகிறேன். மெடல் எதுவும் வாங்கியதில்லை, அதற்காக ஓடவும் இல்லை. மூச்சு வாங்க வளைவுகள் ஏறி மேலே நிற்கும்போது முகத்தில் அடிக்கும் அந்தக் குளிர்காற்றுக்காகத்தான் இத்தனை வருஷமும். கூட ஓடியவர்களில் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள், மீதிப் பேர் மாரத்தான் பக்கம் போய்விட்டார்கள். இங்கிலாந்தில் ஃபெல் ரன்னிங் என்று ரோடே இல்லாத மலைகளில் எழுபது வயதிலும் ஓடுகிறார்களாமே, எப்படி முடிகிறது? இறக்கத்தில் முட்டி தாங்குமா? நம் பக்கம் அப்படி ஒரு கூட்டம் சேருமா?

கம்பம் தம்பி:
அண்ணே, ஃபெல் ரன்னிங் நடக்கிற இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் வேலைக்காகக் கொஞ்ச காலம் இருந்தேன். ஜாஸ் நெய்லர் என்று ஒருவர், வாஸ்டேல் பள்ளத்தாக்கில் ஆடு வளர்த்த விவசாயி. 1975-இல் 24 மணி நேரத்துக்குள் 72 சிகரம் ஏறி இறங்கினார். 2006-இல், எழுபது வயதில், 70 சிகரம். 2024-இல்தான் இறந்தார். ஆனால் எல்லாரும் அவரைப்போல இரும்பு உடம்புக்காரர்கள் இல்லை, மற்றவர்களை விட்டுப் போகாமல் பிடித்து வைத்திருப்பது வேறு ஒன்று. 1932-இல் பாப் கிரஹாம் என்ற விடுதிக்காரர் ஒரே நாளில் 42 சிகரங்களைச் சுற்றி வந்தார், கிட்டத்தட்ட 106 கிலோமீட்டர். இன்றைக்கும் அதை முடித்தேன் என்று அந்தச் சுற்றுக்கான கிளப்பில் பேர் பதிய வேண்டுமானால் ஒவ்வொரு உச்சியிலும் கூட ஒரு சாட்சி இருந்தாக வேண்டும். ஆக, ஒருவர் ஓட நாலைந்து பேர் உதவிக்கு வர வேண்டியிருக்கிறது: பையைச் சுமக்க ஒருவர், ராத்திரி பனிமூட்டத்தில் வழி பார்க்க ஒருவர், ரோடு குறுக்கிடும் இடத்தில் சூடாக டீயோடு ஒருவர். போன வருஷம் முடித்தவர் இந்த வருஷம் பை தூக்க வருவார். காசு கிடையாது. வேகம் போனவருக்கும் அங்கே வேலை இருக்கிறது, அதனால்தான் யாரும் விட்டுப் போவதில்லை.

தேவாரம்:
கூட்டம் சேருங்கள், ஆனால் அவர்களைப்போல இஷ்டப்பட்ட சரிவில் இறங்க வேண்டாம். அங்கே மலை பெரும்பாலும் மரமில்லாத மேய்ச்சல் நிலம். நமக்கு யானையும் காட்டுமாடும் உள்ள காடு. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு ஓர் அடி வைக்காதீர்கள். ரோட்டில் ஓடினாலும் விசில், மழைக்கோட்டு, டார்ச் கையில் இருக்கட்டும்.

பளியன்குடி ரன்னர்:
முட்டி பற்றி: இறக்கத்தில் உடம்பைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசை. அது சோர்ந்துவிட்டால் பாரம் முட்டிக்குப் போகும். எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, வேகமாக வையுங்கள். முதலில் சின்ன இறக்கம். மறுநாள் தொடை வலிக்கும், சில வாரம் விடாமல் செய்தால் அதே இறக்கத்துக்கு அவ்வளவு வலி வராது. முட்டி வீங்கினால் மட்டும் டாக்டரைப் பாருங்கள்.

முந்தல்காரன்:
ரொம்ப நன்றி. போலீஸ் வேலைக்குத் தயாராகிற பசங்க சிலர் காலையில் அந்த ரோட்டில்தான் ஓடுகிறார்கள், தண்ணீர்கூட எடுத்துக்கொள்வதில்லை. ஞாயிறு விடிந்ததும் பைக்கில் தண்ணீரும் வாழைப்பழமும் கொண்டுபோய் மேல் வளைவில் நிற்கிறேன். கம்பம் தம்பி, ஊரில் இருந்தால் நீங்களும் வாங்க.