பங்களித்தவர்கள் பட்டியல் போட உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே,

நாங்கள் சிலர் சேர்ந்து தமிழ் உரையைக் கையாளும் பைத்தான் நூலகம் ஒன்றைப் பராமரிக்கிறோம். அடுத்த வெளியீட்டில், இதுவரை பங்களித்த எல்லோர் பெயரையும் ஒரு கோப்பில் போட ஆசை.

நிரல் எழுதியவர்கள் பெயரை, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மென்பொருளின் 'ஷார்ட்லாக்' கட்டளை கொடுத்துவிடும். ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சலில் வந்திருந்தால் மெயில்மேப் கோப்பு வைத்துச் சேர்த்துவிடலாம். நிரல் எழுதாமல் உதவிய மற்றவர்களை எப்படிப் பிடிப்பது? உதாரணத்துக்கு, 'கொ' என்ற எழுத்து சில கோப்புகளில் இரண்டு யூனிகோடு குறிகளாகவும் சிலவற்றில் மூன்றாகவும் இருக்கிறது, அதனால்தான் தேடினால் கிடைப்பதில்லை என்று ஒருவர் மாதிரிக் கோப்போடு விளக்கிச் சொன்னார். அவர் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை. ஆனால் இன்று தேடல் ஒழுங்காக வேலை செய்வதே அவரால்தான். அவர் பெயர் கட்டாயம் வர வேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் வழுவைச் சொன்னவருக்கு 'ரிப்போர்ட்டட்-பை', சோதித்தவருக்கு 'டெஸ்டட்-பை' என்று கமிட் செய்தியிலேயே (ஒவ்வொரு நிரல் மாற்றத்தோடும் பதியும் குறிப்பு) எழுதுகிறார்கள். இனி நாங்களும் அப்படியே செய்யப்போகிறோம். பழசுக்குத்தான் வழி தெரியவில்லை. கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (வழு அல்லது கோரிக்கையைச் சொல்லும் பதிவு) திறந்தவர்கள், அதில் பதில் எழுதியவர்கள் பெயரை மொத்தமாக எடுக்கும் ஸ்கிரிப்ட் யாரிடமாவது இருக்கிறதா?

அப்புறம், பெயர் வரிசை. பைத்தான் மொழிக்குப் பங்களித்தவர்களின் பட்டியல் ஏறக்குறைய குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும். நம்மில் பலருக்கு இருப்பது முதலெழுத்துதான். இயற்பெயரைக் கொண்டு தமிழ் அகரவரிசையில் அடுக்கலாமா? புனைபெயரில் எழுதியவர்களை அதே பெயரில் போடுவதுதான் மரியாதை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.